துணுக்கக்காவின் கைபேசி எண்

கைபேசிக் கடைக் கவுன்டருக்கு முன்னால் இருந்த உயரமான நாற்காலியில் துணுக்கக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவர், காரியம் முடியாமல் இடத்தை விட்டு நகர்வதில்லை என்ற தீர்மானத்தோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்று விடுமுறை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வைத்திருந்த எண்ணை அக்கா கைவிடப் போகிற நாள். "புது நம்பர் ஒண்ணு நல்லதா பார்த்துக் குடும்மா, சட்டுனு மனசுல நிக்கிற மாதிரி" என்று அவர் கடைப் பெண்ணிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பழைய எண் அக்காவுக்கு ஒரு சுமையாகத்தான் ஆகிவிட்டிருந்தது. ஆனாலும் மனசு என்னவோ செய்தது.

ஒரு எண்ணை மாற்ற இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்று கேட்டால், அக்கா யாரென்று முதலில் சொல்ல வேண்டும்.

அவள் பேருந்து நிறுவனங்களுக்கு இருக்கை ஒதுக்கும் மென்பொருள் எழுதுகிற அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நடுவில் மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது வேலையை விட்டுவிட்டுச் சில வருஷம் வீட்டோடு இருந்தாள். திரும்பப் போனபோது எல்லாம் தலைகீழாக மாறியிருந்தது. தெரிந்த கணினி மொழி பழையதாகிவிட்டது, புது மொழி பிடிபடவில்லை. பக்கத்து இருக்கையில் யாரையாவது கேட்டால், "தேடிப் பாருங்க, கிடைக்கும்" என்பார்கள். தேடினால் கிடைக்கத்தான் செய்யும். பக்கம் பக்கமாக விளக்கம் கிடைக்கும். எழுதியவர் தன் மேதாவித்தனத்தையெல்லாம் கடைவிரித்து முடித்த பிறகு, கடைசியில் நமக்கு வேண்டிய நாலு வரி இருக்கும். அந்த நாலு வரியும் ஓடாது. அக்கா பல நாள் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறாள்.

அழுது முடித்த ஒரு நாளில் அவளுக்கு ஒரு வீம்பு வந்தது. நான் பட்ட பாடு எனக்குப் பின்னால் வருகிறவர்கள் படக்கூடாது. அன்றைக்கு என்ன தெரிந்துகொண்டாளோ அதை அன்றைக்கே ஒரு வலைப்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். வீட்டில் பேசுகிற மொழியிலேயே எழுதினாள். முதலில் என்ன கோளாறு என்று ஒரு வரி, அப்புறம் அதைச் சரிசெய்கிற நிரல் துணுக்கு, அதாவது கணினிக்குச் சொல்கிற நாலைந்து வரிக் கட்டளை, அதற்குக் கீழே ஏன் இப்படி என்று கொஞ்சம் பேச்சு. "பிழைச் செய்தியை முழுசா படிங்க, பாதியில ஓடாதீங்க." "நிரல்ல மதிப்பை வெக்கிற மாறிக்கு 'அ', 'ஆ'ன்னு பேர் வெக்காதீங்க, ஆறு மாசம் கழிச்சு நீங்களே உங்களைத் திட்டுவீங்க." "வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது நிரல் எதையும் ஏத்தாதீங்க, சனிக்கிழமை நிம்மதியா இருக்கும்." இப்படி. படித்தவர்கள் அவளுக்கு வைத்த பேர்தான் துணுக்கக்கா. நாளடைவில் அலுவலகத்திலும் அந்தப் பேரே ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் மேலாளர்கூட, "என்ன துணுக்கக்கா இது" என்றுதான் ஆரம்பிப்பார்.

அவளிடம் ஒரு கறாரான விதி இருந்தது. தானே ஓட்டிப் பார்க்காத நிரலைப் பக்கத்தில் போடமாட்டாள். ஓடிவிட்டால் அப்புறம் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றமாட்டாள். "ஓடுறதுல கை வெக்காதீங்க" என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதுவாள். அழகுபடுத்துகிறேன் பேர்வழி என்று ஓடிக்கொண்டிருந்த நிரலில் கை வைத்து, அது படுத்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

இந்த விதிதான் அவளுக்கு வினையாக வந்து சேர்ந்தது. அவள் பக்கத்திலேயே எல்லாரும் அதிகம் எடுத்துப்போன துணுக்கு, ஏதாவது நடந்தால் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிற துணுக்கு. எழுதினாள், தன் எண்ணைப் போட்டு ஓட்டிப் பார்த்தாள், கைபேசி கணீரென்று ஒலித்தது. ஒரே சந்தோஷம். ஓடியதை அப்படியே பக்கத்தில் போட்டாள். எண்ணும் அப்படியே போனது. அதற்கு மேலே ஒரு குறிப்பு வரி மட்டும் சேர்த்தாள்: "இது என் எண். உங்கள் எண்ணை இங்கே போடுங்கள்."

மென்பொருள் எழுதுகிற ஜனங்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அவர்கள் நல்லவர்கள், புத்திசாலிகள், ராவும் பகலும் உழைப்பவர்கள். எல்லாம் சரி. ஆனால் படிக்கமாட்டார்கள். நகலெடுப்பார்கள், ஒட்டுவார்கள், ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். திரையில் "அனுப்பப்பட்டது" என்று வந்துவிட்டால் போதும், எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். யாருக்கு அனுப்பப்பட்டது என்று கேட்கிற பழக்கம் அந்த வம்சத்துக்கே கிடையாது.

அப்புறம் கேட்க வேண்டுமா? ஊர் பேர் தெரியாத யார் யாருடைய தண்ணீர்த் தொட்டியோ நிரம்பி, அந்தச் சேதி அக்காவுக்கு வந்தது. யாரோ ஒருவருடைய மீன் தொட்டியில் தண்ணீர் கெட்டுப்போனது. ஒரு கணினி, மணிக்கொரு தடவை, "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று அவளுக்குத் தெரிவித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார், சமையலறையில் இருந்த அக்காவுக்குக் கூடத்திலிருந்து கைபேசியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "அண்ணி, உங்க கோழிப் பண்ணையில ரொம்ப சூடா இருக்காம். போய் விசிறி விட்டுட்டு வாங்க!"

அக்கா துணுக்கிலிருந்து எண்ணை எடுத்து, அந்த இடத்தில் வெறும் சுழியங்களைப் போட்டுப் பார்த்தாள். ஏற்கெனவே எடுத்துப்போனவர்களின் நிரல்களில் அது எப்படி மாறும்? அங்கே அவள் எண் சுகமாகக் குடியிருந்தது.

கணவருக்கு இதெல்லாம் ஆரம்பத்தில் வேடிக்கையாகத்தான் இருந்தது. அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். ஒரு நாள் மத்தியானம் அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது தலைமாட்டில் இருந்த அவள் கைபேசி, "முன் கதவு திறக்கப்பட்டது" என்று காட்டியது. அரைத் தூக்கத்தில் அதைப் படித்த மனிதர் ஹாக்கி மட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அங்கே பார்சல் கொடுக்க வந்த ஆள் கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தார். அந்த ஆள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அன்றிலிருந்து எண்ணை மாற்றியே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, இதோ கடை வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கடைப் பெண் புது எண்கள் சிலவற்றைத் திரையில் காட்டினாள். கணவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். "இங்க விரலை வெச்சா பழைய நம்பர் கட் ஆயிடும் மேடம்" என்று ஒரு சின்னக் கருவியை அவள் முன்னால் நகர்த்தினாள் அந்தப் பெண். அக்கா விரலை நீட்டினாள். கைபேசி ஒலித்தது.

"உன் தொட்டி நிரம்பிடுச்சு போல" என்றார் கணவர். "வழியனுப்பி வெச்சுட்டு வா."

அக்கா எடுத்துப் பார்த்தாள். "தடுப்பூசிப் பெட்டி. வெப்பம் 8.7. வரம்பு 8. உடனே பார்க்கவும்."

இன்னொரு தடவை படித்தாள்.

"ஒரு நிமிஷம் இரும்மா" என்று கருவியைத் தள்ளி வைத்தாள்.

"என்ன? கோழியா, மீனா?"

"தடுப்பூசிங்க. எங்கேயோ தடுப்பூசி வெச்சிருக்கிற குளிர்பெட்டி சூடாகுது."

கணவரின் கட்டிய கை அவிழ்ந்தது. கைபேசியை வாங்கிப் பார்த்தார். "சரி, அவங்களுக்கும் போயிருக்கும்ல? பார்த்துக்குவாங்க."

"இல்லைங்க. அந்த இடத்துல ஒரு நம்பர்தான் போட முடியும். அது என் நம்பர். இந்தச் சேதி என்னைத் தவிர வேற யாருக்கும் போகல."

இதைச் சொல்லும்போதுதான் அக்காவுக்கே அதன் கனம் உறைத்தது. கொஞ்சம் முன்னால் விரலை வைத்திருந்தால் இந்தச் சேதி யாருக்குமே வந்திருக்காது. எங்கோ பூட்டிக் கிடக்கும் ஓர் அறைக்குள் ஒரு பெட்டி தனியாகக் கத்திக் கத்தி, மருந்தெல்லாம் வீணாகியிருக்கும். அது தெரியாமல் யாராவது அதையே எடுத்துக் குழந்தைகளுக்குப் போட்டும் இருப்பார்கள். பலனில்லாத ஊசியைப் போட்டுக்கொண்டு, போட்டாயிற்று என்ற நிம்மதியில் தாய்மார்கள் வீட்டுக்குப் போவார்கள்.

அனுப்பிய எண்ணுக்குத் திருப்பி அழைத்தாள். அது செய்தி அனுப்பும் சேவையின் எண், எடுக்க ஆளில்லை. அடுத்த செய்தி வந்தது. 8.9.

கணினிக்காரர்களிடம் ஒரு வழக்கம், எங்கே போனாலும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டே அலைவார்கள். கடைக்குக் கிளம்பும்போது, "நம்பர் மாத்தப் போறோமா, ஆபீஸுக்குப் போறோமா, இது எதுக்கு?" என்று கணவர் கேலி செய்திருந்தார். இப்போது அவரே பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். கடை ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து அக்கா தன் வலைப்பக்கத்தைத் திறந்தாள்.

வெப்பம் அளக்கிற கருவியோடு அந்தத் துணுக்கைச் சேர்த்தவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள் என்று அவள் கணக்குப் போட்டாள். துணுக்குக்குக் கீழே ஜனங்கள் கேட்டிருந்த கேள்விகளை வேகமாக உருட்டினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. 'அரைவேக்காடு' என்று தனக்குத் தானே பேர் வைத்துக்கொண்ட ஒருவர் கேட்டிருந்தார்: "அக்கா, கருவியை மாட்டினதும் முதல் அளவு எப்பவும் 85 டிகிரின்னு வருது. நான் வெச்சிருக்கிறது குளிர்பெட்டியா, அடுப்பா?" அதற்கு அவளே பதில் எழுதியிருந்தாள்: "அது அளவு இல்ல, கருவி தூங்கி எழுந்திருக்கிறப்ப உளர்றது. முதல் அளவைத் தூக்கிப் போட்டுட்டு ரெண்டாவதை எடுங்க." "வேலை செய்யுது அக்கா, நீங்க நல்லா இருக்கணும்!" என்று அவர் வாழ்த்தியிருந்தார்.

குளிர்பெட்டி. இந்த ஆள்தான். பக்கத்தின் சொந்தக்காரி என்பதால் அவர் மின்னஞ்சல் முகவரி அவளுக்குத் தெரியும். "உங்கள் பெட்டி சூடாகிறது, உடனே கூப்பிடுங்கள்" என்று எழுதி அனுப்பினாள். பதில் இல்லை. விடுமுறை நாளில் மின்னஞ்சலை யார் பார்க்கிறார்கள்?

"அவன் வீட்டு அட்ரஸ் இல்லையா?" என்றார் கணவர்.

"பேரே அரைவேக்காடுன்னு போட்டிருக்கார். அட்ரஸா குடுப்பார்?"

நிரல் எழுதுகிறவர்கள், எழுதியதை நாலு பேர் பார்க்கட்டும் என்று பொதுவில் போட்டு வைக்கிற இடம் இணையத்தில் ஒன்று உண்டு. அங்கே அதே பேரில் தேடினாள். அகப்பட்டார். 'தடுப்பூசிப் பெட்டிக் காவல்' என்று தலைப்பு. திறந்தாள். அவள் துணுக்கு அப்படியே இருந்தது. வரம்பை மாற்றியிருந்தார், செய்தியின் வாசகத்தை மாற்றியிருந்தார், கருவியின் பேரை மாற்றியிருந்தார். "இது என் எண். உங்கள் எண்ணை இங்கே போடுங்கள்" என்ற வரியும் அட்சரம் பிசகாமல் இருந்தது. அதற்குக் கீழே அக்காவின் எண். அதற்கும் கீழே அவர் தன் கையால் ஒரு குறிப்பு சேர்த்திருந்தார்: "இந்தப் பகுதி அக்காவுடையது. ஓடுகிறது. கை வைக்காதே."

அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மனிதர் சோம்பேறித்தனத்தால் விட்டுவிடவில்லை. அவள் பேச்சைக் கேட்டு நடந்திருக்கிறார்.

கடைசியில் ஒரு புகைப்படம் இருந்தது. வெள்ளைக் குளிர்பெட்டி, பெட்டிக்குள்ளே கம்பி விட்டு, பக்கத்தில் சுவரில் ஒட்டிய சின்னக் கருவி. மருத்துவமனையின் பேர் எங்கேயும் இல்லை. அக்கா படத்தைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள். கதவின் கீழ் மூலையில் பாதி கிழிந்த ஸ்டிக்கர். 'பழுதுக்கு அழைக்கவும்.' ஓர் எண். கடைசி இலக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம்.

மூன்றைப் போட்டு அழைத்தாள். யாரோ ஒரு பெரியவர் எடுத்து, ராங் நம்பர் என்றார், அதோடு விடாமல் எந்த ஊர் என்று விசாரிக்கவும் ஆரம்பித்தார். மன்னிப்புக் கேட்டு வைத்தாள். எட்டைப் போட்டாள். அதற்குள் இன்னொரு செய்தி. 9.2.

"ஹலோ, யாரு?" குரலில் அலுப்பு.

"சார், நீங்க ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்றவர்தானே?"

"ஆமா. இன்னைக்கு லீவு. பெட்டி தீப்பிடிச்சு எரிஞ்சா சொல்லுங்க, இல்லைன்னா நாளன்னைக்கு வரேன்."

"என் பெட்டி இல்ல சார். யாரோட பெட்டின்னு எனக்குத் தெரியாது. அதை உங்ககிட்ட கேக்கலாம்னுதான்."

"அம்மா, அடுத்து ஓடிபி கேப்பீங்க, அதானே? நான் அந்த ஆள் இல்ல, வேற எடம் பாருங்க."

"ஐயோ, வெச்சுடாதீங்க சார்! குழந்தைகளுக்குப் போடற தடுப்பூசி வெச்சிருக்கிற பெட்டி. சூடாகிட்டிருக்கு. உங்க ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. ஒரு ஓடிபியும் வேண்டாம், எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லுங்க."

அவள் குரல் உடைந்ததைக் கேட்டோ என்னவோ, மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி தெரிந்தது. "ஸ்டிக்கர் நான் ஊர்ல பாதி பெட்டிக்கு ஒட்டியிருக்கேனே. கதவுல நசுங்கல் ஏதாவது இருக்கா?"

"இருக்கு. கைப்பிடிக்குக் கீழ, பெரிய நசுங்கல்."

"அட, அது என் ஆளு இறக்குறப்ப இடிச்சது! அதுக்கு அந்த நர்ஸம்மாகிட்ட நான் வாங்கிக் கட்டிக்கிட்டது இன்னும் மறக்கல. குழந்தைங்க கிளினிக்மா அது. இருங்க, அவங்களுக்குப் போடறேன். உங்க நம்பரையும் குடுக்கிறேன்."

அதன் பிறகு காத்திருப்பது ஒன்றுதான் வேலை. கணவர் பெஞ்சுக்கும் வாசலுக்கும் நடந்தார். கடைப் பெண் கவுன்டரை விட்டு வந்து அக்கா பக்கத்தில் நின்றுகொண்டாள். அவளும் கைபேசியையே பார்த்தாள். 9.4. 9.5. அந்த நர்ஸ் ஊரில் இருப்பாரோ இல்லையோ, சாவி யாரிடமோ என்று அக்காவின் மனசு கண்டபடி ஓடியது.

அழைப்பு வந்தது. மூச்சு வாங்குகிற குரல். "மேடம், நான் கிளினிக் நர்ஸ். கதவைத் திறந்துட்டேன். உள்ள வந்துட்டேன். சுவருக்குப் பெயின்ட் அடிக்க வந்தவங்க பெட்டியோட பிளக்கைப் பிடுங்கிட்டு அவங்க விளக்கை மாட்டியிருக்காங்க. போறப்ப திருப்பி மாட்டாம போயிட்டாங்க. கருவி வேற பிளக்ல இருந்ததால அது பாட்டுக்கு ஓடிட்டிருந்திருக்கு. பாவிங்க! இருங்க, கையில வேலை இருக்கு, அப்புறம் கூப்பிடறேன்." வைத்துவிட்டார்.

அடுத்து வந்த செய்தியை அக்கா கணவரிடம் நீட்டினாள். 11.3.

"என்னங்க, ஏறுது!"

அக்கா நர்ஸம்மாவை அழைத்தாள். நீண்ட நேரம் ஒலித்த பிறகுதான் எடுத்தார். "பெட்டியைத் திறந்து வெச்சிருக்கேன் மேடம், அதான் ஏறியிருக்கும். மருந்தையெல்லாம் ஐஸ் பெட்டிக்கு மாத்திட்டேன். எல்லாம் பத்திரமா உள்ள போயாச்சு. குப்பி மேல ஒரு கட்டம் இருக்கும், சூடு பட்டா கருத்துப் போயிடும். ஒண்ணு விடாம பார்த்துட்டேன். ஒண்ணும் கருக்கல. இருந்தாலும் எங்க மேலதிகாரி டாக்டர்கிட்ட கேக்காம நான் எதையும் போடமாட்டேன். நாளன்னைக்குத் தடுப்பூசி நாள். ஊர்ல இருக்கிற கைக்குழந்தை பூரா வரும்."

அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப, நம்பர் மாத்தறதை இப்ப முடிச்சுடலாமா மேடம்?" என்று கடைப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "அந்த நம்பர் அங்கேயே இருக்கட்டும்மா. இதைவிடச் சத்தமா அடிக்கிற போன் ஏதாவது இருந்தா காட்டு." ஒற்றைக் காலில் நின்ற மனிதர்தான் இதைச் சொன்னார். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் அலமாரியில் இருந்த கைபேசிகளை மும்முரமாகப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அக்கா அந்தத் துணுக்கைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எண் இருந்த இடத்தில் பிறகு போட்ட சுழியங்களும் உதவாது என்று இப்போது புரிந்தது. அதையும் அப்படியே நகலெடுப்பார்கள். அந்தச் சேதி அவளுக்குக்கூட வராது. எல்லாவற்றையும் அழித்து, எண்ணுக்கான இடத்தை வெறுமையாக விட்டாள். அடுத்த வரியில், அந்த இடம் வெறுமையாக இருந்தால் நிரல் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்று எழுதினாள். நிற்கும்போது திரையில் இப்படி வரும்: "யாருக்குச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை." எண்ணைப் போட்டாலும் உடனே ஓடாது. அந்த எண்ணுக்கு ஒரு சின்னக் குறியீடு போகும். கைபேசிக்காரர் அதைப் பார்த்துச் சொல்லி, இங்கே தட்டினால்தான் மேலே நகரும்.

ஓடாத துணுக்கு ஒன்றை அவள் பக்கத்தில் போட்டது அதுதான் முதல் தடவை. கீழே எழுதினாள்:

"எண்ணை மாத்துங்கன்னு நான் ஒரு வரி எழுதியிருந்தேன். எழுதினா போதும்னு நினைச்சுட்டேன். குறிப்பு ஓடாது, நிரல்தான் ஓடும். ஒண்ணு கட்டாயம் நடக்கணும்னா அதைக் குறிப்புல வெக்காதீங்க, நிரல்ல வைங்க. அப்புறம் இன்னொண்ணு. 'அனுப்பப்பட்டது'ன்னு திரையில வந்தா நம்பாதீங்க. யாருக்கு அது வேணுமோ அவங்க கையில போன் அடிக்குதான்னு பக்கத்துல நின்னு பாருங்க. ஓடுறதுல கை வெக்காதீங்கன்னு நான் சொன்னது தப்பு. என்ன ஓடுதுன்னு புரிஞ்சுக்கிட்டு, தாராளமா கை வைங்க."

காலையில் பார்த்தால் பக்கம் முழுக்க ஒரே புகார். "அக்கா, உங்க கோட் ஓடல." "அக்கா, எர்ரர் வருது." "அக்கா, பழசு நல்லாத்தானே இருந்துச்சு?" எல்லாருக்கும் ஒரே பதில் போட்டாள்: "ஓடாது. என்ன சொல்லுதுன்னு படிங்க." ஒருவர் படித்துவிட்டு, "ஓ!" என்று மட்டும் எழுதினார். அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அரைவேக்காடு அழைத்தார். காலேஜ் முடித்த பையனாக இருப்பான் என்று அவள் நினைத்திருந்தாள். எதிர்ப்பக்கம் கனத்த, வயசான குரல். "அக்கா, மன்னிச்சுடுங்க. நான் அந்த கிளினிக்ல எக்ஸ்ரே எடுக்கிறவன். பொண்ணு வீட்டுக்கு வந்திருந்தேன், ரயில்ல சிக்னலே இல்ல. இப்பதான் பார்த்தேன்."

"நீங்க என்னைவிட ரொம்பப் பெரியவரா இருப்பீங்க போலிருக்கே சார்! என்னைப் போய் அக்காங்கிறீங்க?"

"ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு. அதுக்கென்ன, எல்லாரும் அக்கான்னுதானே கூப்பிடறாங்க. எக்ஸ்ரே ரூம்ல ஆள் வராதப்ப உக்காந்து உங்க பக்கத்தைப் பார்த்துதான் இதையெல்லாம் கத்துக்கிட்டேன். அன்னைக்கு டெஸ்ட் பண்ணப்பகூட அனுப்பப்பட்டதுன்னு வந்துச்சு. ஸ்வீட் வாங்கி எல்லாருக்கும் குடுத்தேன்." குரல் தழுதழுத்தது. "எவ்வளவு பெரிய தப்பு."

"தப்பு உங்களுது மட்டும் இல்ல சார். கை வைக்காதேன்னு நான்தானே பக்கத்துக்குப் பக்கம் எழுதினேன்? நீங்க வெச்ச கருவி ஒழுங்கா அளந்துச்சு, ஒழுங்கா கத்துச்சு. அதனாலதான் பிழைச்சோம். அதை மறக்காதீங்க."

அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "இப்ப மாத்திட்டேன் அக்கா. ஒரு நம்பர் இல்ல, மூணு நம்பருக்குப் போற மாதிரி எழுதிட்டேன். நர்ஸம்மா, டாக்டர், நான். உங்க நம்பரை எடுத்துடட்டுமா?"

அக்கா ஒரு கணம் யோசித்தாள். "மூணு பேரும் பார்க்கலைன்னா மட்டும் எனக்கு அனுப்புற மாதிரி எழுத முடியுமா உங்களால?"

"எப்படின்னு தெரியல. கத்துக்கிறேன்" என்றார் அவர். அந்தக் குரலில் நடுக்கம் போயிருந்தது.

தடுப்பூசி நாளன்று அக்கா அலுவலகத்தில் இருந்தாள். மருந்தைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. மேலதிகாரி டாக்டர் என்ன சொன்னாரோ, எல்லாவற்றையும் கொட்டச் சொல்லிவிட்டாரோ, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்புகிறார்களோ என்று காலையிலிருந்து வேலையே ஓடவில்லை. தானாகக் கூப்பிட்டுக் கேட்கவும் பயமாக இருந்தது. கூட்டத்தில் மேலாளர் என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். நடுவில் கைபேசி அடித்தது. கணவர் வாங்கிக்கொடுத்த புதுக் கைபேசி, அறையே அதிர்ந்தது. எல்லாரும் திரும்பிப் பார்க்க, அக்கா யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே ஓடினாள்.

"ஹலோ? நர்ஸம்மா? என்ன ஆச்சு?"

எதிர்ப்பக்கத்திலிருந்து பதிலுக்குப் பதிலாகப் பெரிய அலறல் ஒன்று வந்தது. அதைத் தொடர்ந்து இன்னொன்று. அதற்குப் பின்னால் வேறு எங்கோ மூன்றாவது ஒன்று, மூச்சை இழுத்துப் பிடித்து, நிறுத்தி, பிறகு வீறிட்டது.

"என்ன சொல்றீங்க, எனக்கு ஒண்ணும் கேக்கல! ஒரே அழுகைச் சத்தமா இருக்கு!"

"அதைக் கேக்கத்தான் போட்டேன் அக்கா!" என்று அந்தக் கூச்சலுக்கு நடுவில் நர்ஸம்மா கத்தினார். மேடம் எப்போது அக்காவானாளோ தெரியவில்லை. "மருந்து எல்லாம் சரியா இருக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாங்க. காலையிலேருந்து போட்டுட்டிருக்கேன். கை ஒடியுது!"

அக்கா நடைவழிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. இரண்டையும் அடக்க அவள் முயலவில்லை.

"இன்னும் நிறையப் பேர் வரிசையில இருக்காங்க. வெச்சுடட்டுமா?" என்று கேட்டார் நர்ஸம்மா.

"வெக்காதீங்க. போனை அப்படியே பக்கத்துல வெச்சுட்டு ஊசியைப் போடுங்க" என்றாள் அக்கா. "எல்லாரும் அழுது முடிக்கட்டும்."